ஒரு மைலுக்கு ஓர் அங்குலம்

நூறு ஆண்டுகளுக்கு முன் அச்சான சென்னை வரைபடத்தில் தியாகராய நகரைத் தேடினால் கிடைக்காது. பனகல் பூங்காவும் பாண்டி பஜாரும் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஏரி படுத்திருக்கும். நுங்கம்பாக்கம் ஏரியும் மயிலாப்பூர் ஏரியும் ஒன்றை அடுத்து ஒன்றாக, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே வடக்கு தெற்காக நீண்டு கிடந்தன. இரண்டையும் சேர்த்து லாங் டேங்க் என்றார்கள். 1920-களில் அதன் தென்பகுதியை வடித்து, தூர்த்து, மனை பிரித்தார்கள். 1925-இல் காலமான சர் பிட்டி தியாகராயரின் பெயர்தான் அந்தப் புதுக் குடியிருப்புக்கு நிலைத்தது. நுங்கம்பாக்கம் பக்கம் மிஞ்சியிருந்ததும் பிறகு போனது. அந்த ஏரிப் படுகையில்தான் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. டேங்க் பண்ட் ரோடு, லேக் வியூ ரோடு என்ற பெயர்ப்பலகைகள் மட்டும் இன்னும் அங்கங்கே நிற்கின்றன.

சென்னையின் பழங்கதைகளில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். என்னைப் பிடித்து இழுத்தது வேறு. சென்னைக்கு இப்படி எழுதவும் பேசவும் நிறையப் பேர் இருக்கிறார்கள். திருப்புவனத்துக்கும் பேராவூரணிக்கும் பாலக்கோட்டுக்கும் அப்படி யாரும் இல்லை. ஆனால் அந்த ஊர்களையும் அதே அக்கறையோடு அளந்து, அதே நிறங்களில் அச்சடித்த வரைபடத் தாள்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களுக்குச் சொந்த வரலாறு எழுதப்படவே இல்லை. அப்படிப்பட்ட ஊர்களில் பலவற்றுக்கு, முழு நிலப்பரப்பையும் ஒரே பார்வையில் காட்டும் பழைய ஆவணம் இந்தத் தாள் ஒன்றுதான்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதை நிலத்தோற்ற வரைபடம் என்பார்கள். இதோடு வேலை செய்பவர்கள் டோப்போ ஷீட் என்றுதான் சொல்வார்கள். இதை வெளியிட்ட இந்திய நில அளவைத் துறை 1767-இல் தொடங்கியது. ஆனாலும் இந்தத் தாள்களின் கதை நமக்குப் பக்கத்திலேயே ஆரம்பிக்கிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி பரங்கிமலைக்குக் கீழே ஏறத்தாழ ஏழரை மைல் நீளத்துக்குச் சங்கிலி பிடித்து மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமாக ஓர் அடிக்கோடு அளந்தார். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு போய்த்தான் பிறகு இமயம் வரை அளந்தார்கள். மலையே இல்லாத காவிரிச் சமவெளியில் கோபுரங்களின் உச்சிதான் அவருக்குக் குன்று. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கோணம் அளக்கும் பெரிய கருவியான தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் உட்கார்ந்து அதைத் தானே சரிசெய்தார். நூறாண்டு கழித்து நம் ஊர்த் தாளை வரைந்தவர்கள் தங்கள் பலகையில் முதலில் குத்திக்கொண்ட புள்ளிகள் இந்த முக்கோணங்கள் தந்த புள்ளிகள்தான்.

1905-இல் துறை தன் வேலையைப் புதிதாக மாற்றியமைத்தது. அதற்கு முன் இருந்த படங்கள் பெரும்பாலும் ஒரே கறுப்பில் இருந்தன. மலையின் சரிவைச் சிறு கீற்றுகளால் காட்டின. புது வரிசையில் பல நிறங்கள் வந்தன, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் வந்தன. ஒரு மைல் தூரத்தை ஓர் அங்குலத்தில் அடக்கினார்கள். இதன் எண் முறை முதலில் மிரட்டும், பழகினால் எளிது. நான்கு பாகைக்கு நான்கு பாகை கொண்ட பெரிய கட்டம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மதுரை, திருச்சி, தஞ்சை, கோவை எல்லாம் 58-க்குள் வரும். அந்தக் கட்டத்தைப் பதினாறாகப் பிரித்து A முதல் P வரை ஆங்கில எழுத்து கொடுப்பார்கள். அதை மறுபடியும் பதினாறாகப் பிரித்தால் ஒரு தாள், அதாவது ஏறத்தாழ 27 கிலோமீட்டருக்கு 27 கிலோமீட்டர். மேலிருந்து கீழாக எண்ணிக்கொண்டு வந்து, பிறகு வலப்பக்கத்து நெடுவரிசைக்கு நகர வேண்டும். மதுரை நகரம் 58 கே/1. தஞ்சாவூர் 58 என்/1. சென்னை பாவம், 13 பாகை அட்சக் கோடும் 80 பாகை 15 கலை தீர்க்கக் கோடும் ஊருக்குள்ளேயே வெட்டிக்கொள்வதால், நான்கு தாள்களில் சிதறிக் கிடக்கிறது.

வரைந்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். தாளின் ஓரத்தில் வெள்ளைக்கார அதிகாரியின் பெயர்தான் கொட்டை எழுத்தில் இருக்கும். முக்காலியில் பலகையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் மலை ஏறியவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். இங்கே இது பழைய தொழில். நில அளவைக்கு ஆள் பழக்கவென்று சென்னையில் 1794-இல் தொடங்கிய பள்ளிதான் வளர்ந்து இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரியானது. களத்தில் ப்ளேன் டேபிள் என்ற பலகையை மட்டமாக நிறுத்தி, தெரிந்த புள்ளிகளை நோக்கிக் கோடு இழுத்து, தான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு கண்ணுக்குத் தெரியும் ஏரிக்கரை, பாதை, தோப்பு எல்லாவற்றையும் அங்கேயே நின்று வரைவார்கள். சரிவின் கோணத்தைக் காட்டும் கிளினோமீட்டரை வைத்துச் சில இடங்களின் உயரத்தைக் கணக்கிட்டு, நடுவில் ஓடும் சமஉயரக் கோட்டை நிலத்தைப் பார்த்தே போடுவார்கள். அதனால் அந்தப் பழுப்புக் கோடு ஒவ்வொன்றும் ஒரு மனிதர் அந்தச் சரிவைப் பார்த்ததற்குச் சாட்சி. செயற்கைக்கோள் படத்தில் இது கிடையாது.

சரி, தாள் கையில் இருக்கிறது. எங்கே தொடங்குவது? பெரும்பாலானவர்கள் தங்கள் ஊர்ப் பெயரைத் தேடுவார்கள், அப்புறம் சாலைகளைப் பார்ப்பார்கள். முதலில் தண்ணீரைப் படியுங்கள் என்பேன். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ஊர் எதற்காக அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

ஒரு ஏரியை எடுத்துக்கொள்வோம். நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே சரியும் இடங்களில், பிறை வடிவக் கரை கிழக்குப் பக்கம் இருக்கும். இரண்டு நுனிகளும் மேற்கே வளைந்து மேட்டில் போய்ச் சேரும். கரைக்கு அடையாளமாகச் சின்னச் சின்னக் கீற்றுகள். பக்கத்தில் ஓர் எண்ணும் r என்ற ஆங்கில எழுத்தும் இருந்தால், அது பக்கத்துத் தரையிலிருந்து கரையின் உயரம், அடிக் கணக்கில். ஆண்டு முழுக்க நீர் நிற்கும் குளம் என்றால் நீலம் நிரம்பியிருக்கும். வற்றிவிடும் குளம் என்றால் கறுப்பு விளிம்பு மட்டும் இருக்கும். கரையின் கிழக்கே, ஏரி பாயும் நிலத்துக்கு மஞ்சள் பூசியிருக்கும். ஊர் பெரும்பாலும் கரைக்குக் கொஞ்சம் கீழே, அல்லது கரையின் ஒரு நுனிப் பக்கம், மேடு பார்த்து அமைந்திருக்கும். ஏரியின் ஓரத்திலிருந்து ஒரு கோடு கிளம்பி அடுத்த ஏரிக்குப் போகும். அது உபரி நீர் வழி. அங்கிருந்து இன்னொன்று. விரலை வைத்துக்கொண்டே போனால் ஏழெட்டு ஏரிகளைத் தாண்டி ஓர் ஆற்றிலோ கடலிலோ போய் முடியும். இந்தச் சங்கிலியைத் தரையில் நின்று பார்க்க முடியாது. இன்றைய கைப்பேசி வரைபடத்திலும் பார்க்க முடியாது, ஏனென்றால் அதில் சாலைதான் தடிமன். பழைய தாளில் சாலையும் நீரும் சம மரியாதையோடு வரையப்பட்டிருக்கின்றன.

சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கண்மாய்க் கரையில் இந்தத் தாளின் பெரிய பிரதி ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, அந்த ஊரின் பழைய நீர்ப்பாய்ச்சி ஒருவரோடு உட்கார்ந்திருந்தேன். எந்த மடையை எப்போது திறப்பது, யார் வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதைப் பார்க்கும் பொறுப்பு அது. அவருக்கு ஆங்கில எழுத்து தெரியாது. அதற்கு அவசியமும் இருக்கவில்லை.

“இது எங்க கண்மாயில்ல?” என்றார், நான் காட்டுவதற்கு முன்பே. வளைவைப் பார்த்தே கண்டுகொண்டார்.

“ஆமாங்கய்யா.”

“மடை ஒண்ணையும் காணோமே தம்பி. மேல மடை, நடு மடை, கடை மடைன்னு மூணு இருக்கே.”

இந்த அளவில் மடையெல்லாம் வராது என்று சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விரல் மேற்கே நகர்ந்தது. இரண்டு கண்மாய்களுக்கு நடுவில் சின்னதாக இன்னொரு பிறை இருந்தது. பெயர் போட்டிருக்கவில்லை.

“இத எப்புடிப் போட்டிருக்கான்? இது எங்க அப்பத்தா காலத்துலயே மேடாப் போச்சும்பாக.”

“இதுக்குப் பேர் இருந்துச்சாங்கய்யா?”

“பேரு இல்லாமயா? தெரிஞ்சவுகதான் இல்ல. தண்ணி அங்கன தங்கித்தான் இங்க வரும்னு எங்க அய்யா சொல்லுவாரு. இப்ப ஒரே பாய்ச்சலா வந்து கலுங்குல போயிருது.”

கலுங்கு என்பது கண்மாயின் உபரி நீர் வெளியேறும் இடம். மறுநாள் காலையில் அந்தச் சின்னப் பிறை இருந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தோம். அடர்ந்த சீமைக் கருவேலங்காடு. உள்ளே புகுந்து கொஞ்ச தூரம் போனதும் நிலம் ஓர் ஆள் உயரத்துக்கு ஏறி இறங்கியது. அதுதான் கரை. நடுவில் உடைந்து, அந்த உடைப்பு வழியாகவே இப்போது மண் பாதை போகிறது. அவர் சொன்ன ஒரு வரியில் ஒரு நீர்நிலையின் வேலை, அது போனதால் கீழே நடந்த மாற்றம் இரண்டும் இருந்தன. வரைபடம் சொன்னது, இங்கே ஒரு கரை இருந்தது என்பதை மட்டும். ஊர் வரலாறு எழுத நினைப்பவர்கள் இந்தத் தாளை அறையிலேயே வைத்துப் படிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதை எடுத்துக்கொண்டு போய், அந்த நிலத்தில் வேலை செய்தவர்கள் முன்னால் விரிக்க வேண்டும். எழுபது, எண்பது வயதுக்காரர்கள் தங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டது அந்தத் தாள் அளந்த காலத்தைத் தொடுகிறது. அவர்களுக்குப் பிறகு அந்தத் தொடர்பு இல்லை. ஆகவே இதில் அவசரம் உண்டு.

தஞ்சைத் தாளில் இல்லாத ஒன்றைப் பார்க்கலாம். தஞ்சாவூரில் பெரிய கோயில் அருகே ஓடும் கல்லணைக் கால்வாயை ஊர்க்காரர்கள் புது ஆறு என்பார்கள். மேட்டூர் அணையோடு சேர்ந்த திட்டம் அது. 1934-இல் தண்ணீர் வந்தது. அதற்கு முன் அளந்த தாளில் அந்தக் கால்வாய் கிடையாது. வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என்று நகருக்கு வடக்கே நீர் பின்னிக்கொண்டு ஓடும். தெற்கே ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை திசையில் நிலத்தின் தோற்றமே வேறு: மழையை நம்பிய குளங்கள், புதர் நிலம், இடைவெளி விட்ட ஊர்கள். இன்று அதே திசையில் கால்வாய் தெற்கே இறங்கி, புதுக்கோட்டை மாவட்டத்து மும்பாலை ஏரி வரை போகிறது. தஞ்சை என்றாலே ஆதி காலம் தொட்டு எங்கும் ஒரே பசுமை என்று நாம் ஒரு சித்திரம் வைத்திருக்கிறோம். அந்தப் பசுமையில் ஒரு பெரிய பகுதிக்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை.

அதே தெற்குத் திசையில் சத்திரங்களையும் பார்க்க வேண்டும். தாளில் ஊர்ப் பெயர்களோடு சத்திரம் என்ற சொல் அடிக்கடி ஒட்டிக்கொண்டிருக்கும். இராமேசுவரம் போகிறவர்கள் தங்கிச் சாப்பிட்டுப் போக மராட்டிய அரசர்கள் கட்டியவை பல. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரம் பெரிது. நீடாமங்கலத்தில் யமுனாம்பாள் சத்திரம். இவற்றைப் புள்ளி வைத்து இணைத்தால் ரயில் வருவதற்கு முந்தைய யாத்திரைப் பாதை எழுந்து வரும். இன்றைய நெடுஞ்சாலையோடு அது சில இடங்களில் ஒத்துப்போகும், பல இடங்களில் விலகும். விலகும் இடங்களில்தான் போய்ப் பார்க்க நிறைய இருக்கிறது.

ரயிலைப் பற்றிச் சொன்னால் நிறுத்த முடியாது. கிருஷ்ணகிரி நகரத்துக்கு இன்று ரயில் நிலையம் இல்லை. பழைய தாளில் இருக்கிறது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இல் இரண்டரை அடி அகலத்தில் ஒரு குறுகிய பாதை போட்டார்கள். அதுபோலவே மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-இல் ஒன்று, 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. பஞ்சக் காலத்தில் தானியம் கொண்டுபோக வழி வேண்டும் என்பதுதான் நோக்கம். 1941-இல், உலகப் போர் நடக்கும்போது, இரண்டும் மூடப்பட்டன. தர்மபுரிக்கும் ஓசூருக்கும் பின்னாளில் பெங்களூர்–சேலம் பாதை வந்துவிட்டது. கிருஷ்ணகிரிக்கு வரவில்லை. மேற்கு மலையில் இன்னொன்று: மூணாறு பக்கம் தேயிலை ஏற்றிப் போன குண்டளப் பள்ளத்தாக்கு ரயில். 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் தொடங்கி, 1908-இல் இரண்டடி அகலப் பாதையாக மாறி, 1924 பெருவெள்ளத்தில் அடியோடு போனது. சுற்றுலாப் பயணிகள் பனி பார்க்கப் போகும் டாப் ஸ்டேஷனில் ஸ்டேஷன் என்ற சொல் எப்படி வந்தது என்று யோசித்திருந்தால், விடை இதுதான். அங்கிருந்து கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் போடி பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கின.

ரயில் பாதை இன்னொரு விதத்திலும் உதவும். தாளின் வயதைச் சரிபார்க்க அதுவே நல்ல கருவி. ஓரத்தில் அச்சிட்ட ஆண்டு பெரிதாக இருக்கும். அளந்த ஆண்டு சிறிதாக, பருவம் குறித்து, வேறு மூலையில் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் இருபது ஆண்டுகூட இடைவெளி வரலாம். மறுபதிப்பில் ரயிலையும் முக்கியச் சாலையையும் மட்டும் புதிதாகச் சேர்த்துவிட்டு, ஏரி, ஊர், காடு எல்லாவற்றையும் பழையபடியே விட்டுவிடுவதும் உண்டு. இராமேசுவரத் தீவின் தாளைப் பாருங்கள். பாம்பன் பாலம் 1914 பிப்ரவரியில் திறந்தது. பாம்பனிலிருந்து முதன்மைப் பாதை தனுஷ்கோடிக்கும், கிளைப் பாதை இராமேசுவரத்துக்கும் போனால், அந்தத் தாள் 1914-க்குப் பிந்தியது. 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு தனுஷ்கோடிப் பாதையும் இல்லை, அந்த ஊரும் இல்லை. இதைப் போல அந்தந்த வட்டாரத்தில் திறந்த ஆண்டு உறுதியாகத் தெரிந்த ஒரு பாலத்தையோ அணையையோ பாதையையோ பிடித்துக்கொண்டால் தாளை எந்தக் காலத்தில் நிறுத்துவது என்று தெரிந்துவிடும்.

குறியீடுகளின் பட்டியல் தாளின் அடியிலேயே இருக்கும். அதை நிதானமாகப் படிப்பதில் எனக்குத் தனி சந்தோஷம். பனை இன மரங்களில் பனைக்கு மட்டும் தனிக் குறி வைத்திருக்கிறார்கள். தென்னை உள்ளிட்ட மற்றவை எல்லாம் ஒரே குறிக்குள் அடங்கிவிடும். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரி நிலத்தில் அந்தப் பனைக்குறி எப்படி இறைந்து கிடக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை. மக்கள் விட்டுப்போன ஊருக்கு ஒரு குறி, பழம்பொருள் உள்ள இடத்துக்கு ஒரு குறி, கல் கட்டிய கிணற்றுக்கு ஒன்று, கட்டாத கிணற்றுக்கு ஒன்று. வண்டிப்பாதை வேறு, பொதிமாட்டுப் பாதை வேறு, ஒற்றையடிப் பாதை வேறு. விட்டுப்போன ஊரின் குறியை எங்கே பார்த்தாலும் நின்றுவிடுங்கள். காலராவா, பஞ்சமா, கிணறு வற்றியதா, அடிதடியா, எதுவோ ஒன்று அங்கே நடந்திருக்கிறது. பக்கத்து ஊரில் ஏதோ ஒரு குடும்பத்துக்குக் குலதெய்வம் அந்தப் பொட்டலில்தான் இன்னும் இருக்கும். அந்தக் குடும்பத்திடம் கேட்டால் கதை வரும்.

இனி இன்றைய படத்தோடு பொருத்துவது. கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ஜியோரெஃபரன்சர் என்று ஒரு கருவி இருக்கிறது. பழைய தாளில் ஒரு புள்ளியையும் செயற்கைக்கோள் படத்தில் அதே புள்ளியையும் காட்டிக்கொண்டே போனால், தாளை அது இழுத்துப் பொருத்திவிடும். எந்தப் புள்ளியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆற்றங்கரை, கடற்கரை, சாலை வளைவு எல்லாம் நகரும், நம்பக்கூடாது. கோயில் கோபுரம், குன்றின் மேல் உள்ள சர்வே கல், பழைய ரயில் பாலம், அணைக்கட்டு ஆகியவை நல்லவை. நான்கு மூலையிலும் நடுவிலுமாகப் பரப்பி வையுங்கள். தாளின் ஓரத்தில் உள்ள அட்ச தீர்க்கக் கோடுகளை அப்படியே இன்றைய ஜிபிஎஸ் எண்ணாக எடுத்துக்கொண்டால் எல்லாம் கொஞ்சம் தள்ளி விழும். பூமியின் வடிவத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது எவரெஸ்ட் கணக்கு, ஜிபிஎஸ் எடுத்துக்கொள்வது வேறு. இந்த வேறுபாட்டை மென்பொருளிடம் சொல்லிவிட்டால் அதுவே சரிசெய்துகொள்ளும்.

அப்படிப் பொருத்திய பிறகும் ஓர் எல்லை உண்டு. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்றால் தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 63 மீட்டர். பேனாக் கோட்டின் தடிமனே முப்பது மீட்டரை விழுங்கிவிடும். ஆகவே “என் மனை ஏரிக்குள் வருகிறதா” என்ற கேள்விக்கு இந்தத் தாள் பதில் சொல்லாது. அதை வைத்து யாரும் சண்டை போடவும் கூடாது. அதற்கு வருவாய்த் துறையின் கிராம வரைபடமும், ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையைக் காட்டும் புலப்படமும், ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடும் இருக்கின்றன. இந்தத் தாளையும் அந்தப் பதிவுகளையும் சேர்த்துப் படிப்பதுதான் சரியான வழி. டோப்போ ஷீட்டில் ஒரு வண்டிப்பாதையைப் பார்க்கிறோம் என்று வையுங்கள். அ-பதிவேட்டில் அந்தத் திசையில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று சர்வே எண்கள் வரிசையாக வந்தால், பாதை இருந்தது என்பது இரண்டு சாட்சியால் உறுதியாகிறது. வாய்க்கால் புறம்போக்குக்கும் அப்படியே. அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் இப்போது அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஒரு தலைமுறைக்கு முன் இதற்காக எத்தனை படி ஏற வேண்டியிருந்தது என்று நினைத்தால் இது பெரிய வசதி.

தாள் மறைப்பதையும் சொல்லாமல் விட முடியாது. இதை வரையச் சொன்னவர்கள் படையை நகர்த்தவும், வரி வாங்கவும், காட்டைக் கட்டுப்படுத்தவும் வரையச் சொன்னார்கள். அதனால் பீரங்கி வண்டி போகுமா என்பது தெரியும்படி பாதைகள் இருக்கின்றன. போலீஸ் நிலையம், தபால் ஆபீஸ், அதிகாரிகள் தங்கும் பங்களா எல்லாம் எழுத்துப் போட்டுக் குறித்திருக்கின்றன. ஒதுக்கப்பட்ட காட்டின் எல்லை புள்ளி புள்ளியாகச் சுத்தமாக ஓடும். அந்தக் கோட்டுக்குள் யார் விறகு பொறுக்கினார்கள், யார் ஆடு மேய்த்தார்கள், யாரை விரட்டினார்கள் என்பது அதில் இல்லை. நான் பார்த்த தாள்களில் ஊர் ஒரு சிவப்புக் கொத்தாக இருக்கும். கொஞ்சம் தள்ளி, பல நேரம் தாழ்ந்த நிலத்தில், இன்னொரு சின்னக் கொத்து இருக்கும். பெயர் முதல் கொத்துக்கு மட்டும். இரண்டாவது கொத்து சேரி. அங்கே இருந்த மக்கள்தான் அந்த ஏரிக்கு மண் சுமந்தார்கள், அந்த வயலில் நாற்று நட்டார்கள். வரைபடத்தில் பெயர் இல்லாத அந்தக் கொத்திலிருந்து கேள்வி கேட்கத் தொடங்கினால் ஊர் வரலாற்றின் முகமே மாறும். தாளைத் தூக்கிக்கொண்டு போகும்போது மேலத் தெருப் பெரியவரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

இந்தத் தாள்கள் எங்கே கிடைக்கும் என்று பலர் கேட்கிறார்கள். 1950-களில் அமெரிக்க ராணுவம் இந்திய நில அளவைத் துறையின் தாள்களை ஆதாரமாக வைத்துத் தொகுத்த இரண்டரை லட்சத்துக்கு ஒன்று அளவுப் படங்களை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அது சின்ன அளவு, ஆனால் தொடங்குவதற்குப் போதும்; பெரிய ஏரிகளும் பழைய ரயில் பாதைகளும் தெரியும். ஓர் அங்குலத் தாள்களுக்கு லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியத் தொகுப்பும், எழும்பூர் ஆவணக் காப்பகமும், பழைய புவியியல் துறைகளின் அலமாரிகளும்தான் வழி. கடலோர, எல்லையோரத் தாள்கள் பல ஆண்டுகள் பொதுமக்கள் கையில் கிடைக்காமல் இருந்தன. 2021-இல் மத்திய அரசு வரைபட விதிகளைத் தளர்த்தியது. நூறு ஆண்டு பழைய தாள்களையும் துறையே நல்ல தரத்தில் வருடி எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்பது என் விருப்பம். மக்கள் வரிப்பணத்தில், மக்கள் நிலத்தை அளந்து வரைந்தவை அவை.

இப்போது என் மேசையில் இருப்பது மேட்டூர் வட்டாரம். அணை வேலை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. அணை நிரம்பும்போது நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 790 அடி. பழைய தாளில் 800 அடி சமஉயரக் கோடு இருக்கிறது. அணைக்கு முன் அளந்த தாளில் அந்தக் கோட்டை இருபுறமும் பென்சிலால் தொடர்ந்துகொண்டே போனால், இன்றைய நீர்த்தேக்கத்தின் உருவம் மெல்ல மெல்ல விழுகிறது. கோட்டுக்கு உள்ளே விழும் ஊர்ப் பெயர்கள், ஆற்றின் இரு கரையிலும் இருந்த பாதைகள், பரிசல் துறைகள், கிணறுகள் எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதி வருகிறேன். நீர்மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடியில் ஜலகண்டேசுவரர் கோயிலின் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே வரும். செய்தித்தாள்களில் படம் போடுவார்கள். கோயிலும் தேவாலயமும் எங்கே என்பது அதனால் எல்லோருக்கும் தெரியும். அவற்றைச் சுற்றி இருந்த தெருக்களும் சந்தைக்குப் போன வண்டிப்பாதையும் எங்கே என்பதுதான் இன்னும் முழுதாகக் குறிக்கப்படவில்லை. தண்ணீர் இறங்கும் கோடையில் பட்டியலோடும் ஜிபிஎஸ்ஸோடும் அந்தச் சேற்றில் இறங்கி, பழைய பாதை நீருக்குள் நுழையும் இடத்திலிருந்து குறிக்கத் தொடங்கப் போகிறேன். அங்கிருந்து வெளியேறிய குடும்பங்கள் கொளத்தூர், மேச்சேரி பக்கம் யாராவது இருந்தால், நடப்பதற்கு முன்னால் அவர்களிடம் இந்தத் தாளை விரிக்க வேண்டும்.